ராக்கி மலைக் காட்டில் இலவசமாகக் கூடாரம் போட: இடம் தேடக் கற்றுக்கொள்வது எப்படி

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடு வரும். "அண்ணா, போன மாதம் குடும்பத்தோடு காட்டில் தங்கினீர்களே, அந்த இடம் எங்கே இருக்கிறது? லொகேஷன் அனுப்புங்களேன்." அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வருக்கு வேலை மாறி வந்த தம்பிகள், பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட ஆசைப்படும் பெற்றோர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாரை மலைக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள். எல்லோரும் முதலில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில்தான் தேடியிருப்பார்கள். அங்கே கூடாரம் போட ஒதுக்கிய கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு திறக்கிறது; கோடை வார இறுதிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு என்னை அழைப்பார்கள்.

நான் லொகேஷன் அனுப்புவதில்லை. வரைபடத்தை அனுப்புகிறேன், ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதை வாசிக்கவும் சொல்லித்தருகிறேன். ஒற்றைப் புள்ளியை நம்பி மலையேறுகிறவர், அங்கே வேறொருவர் கூடாரம் போட்டிருந்தால் இருட்டில் நடுவழியில் நிற்பார். வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர் அடுத்த கிளைச் சாலைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். அந்த ஒரு மணி நேரப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான கொலராடோவை வைத்தே சொல்கிறேன். அடிப்படை விதிகள் மற்ற மேற்கு மாநிலங்களிலும் ஏறக்குறைய இவைதான்.

பூங்கா வேறு, வனம் வேறு

அமெரிக்காவில் தேசியப் பூங்காவும் தேசிய வனமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். நிர்வாகமே வேறு. பூங்காக்கள் பொது நிலங்களைக் கவனிக்கும் இன்டீரியர் துறையிடம் இருக்கின்றன. தேசிய வனங்களை நிர்வகிக்கும் வனத்துறை, விவசாயத் துறையின் ஒரு பிரிவு. மரத்தையும் ஒரு விளைச்சலாகப் பார்த்த காலத்தில், 1905இல் தொடங்கப்பட்ட துறை அது. கிஃபோர்ட் பின்ஷோ அதன் முதல் தலைவர். இன்று 154 வனங்களும் 20 புல்வெளிகளுமாக ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் அதன் பொறுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு நிலம்.

பூங்காவின் நோக்கம் இயற்கையை அப்படியே காப்பது. வனத்தின் நோக்கம் பல. 1960இல் வந்த சட்டம் பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கு ஆகிய ஐந்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அதனால்தான் காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் சில நேரம் எதிரே ஒரு மாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். அது வழிதவறி வந்த மாடு என்று பதற வேண்டாம். அனுமதி பெற்று மேய்வது.

இந்த வனங்களில், எல்லைக்குள் வேறு தடை இல்லாத இடங்களில், யாரும் கட்டணமின்றி, முன்பதிவின்றித் தங்கலாம். அதற்குத்தான் டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் என்று பெயர். வரிசையாக எண் போட்ட இடங்களில் நெருக்கமாகத் தங்காமல், காட்டில் ஆங்காங்கே பிரிந்து தங்குவது என்று பொருள். பெரும்பாலான வனங்களில் ஒரே இடத்தில் 14 நாட்கள் வரை இருக்கலாம். குடியிருப்பாக மாற்றிக்கொள்ள முடியாது.

கட்டணம் இல்லை என்றால் வசதியும் இல்லை. கழிப்பறை கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது, மேசை கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது. பெரும்பாலும் செல்போன் சிக்னலும் கிடையாது. இரவில் பக்கத்துக் கூடாரத்தில் சத்தம் என்றால் முறையிட ஆளும் இல்லை. கேம்ப்கிரவுண்டில் பணியாளர்கள் செய்கிற அத்தனை வேலையையும் இங்கே தங்குகிறவரே செய்ய வேண்டும். மனைவி, பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரிடமும் இதைக் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் கழிப்பறை விஷயத்தை மலையேறிய பிறகு சொல்வது நியாயமில்லை.

வரைபடத்தில் என்ன பார்க்க வேண்டும்

தேசிய வனங்களுக்குள் ஏறக்குறைய 3.7 லட்சம் மைல் சாலைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி சுற்றுலாவுக்காகப் போட்டவை அல்ல. மரம் வெட்டி இறக்குவதற்காகப் போட்டவை. இடம் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது. மரம் வெட்டிய காலத்தில் கட்டைகளை இழுத்து வந்து அடுக்கி லாரியில் ஏற்ற ஒரு சமதளம் தேவைப்பட்டது. அந்தச் சமதளங்கள் கிளைச் சாலைகளின் ஓரங்களிலும் முடிவுகளிலும் இன்றும் அப்படியே கிடக்கின்றன. மட்டமான தரை, வண்டி திரும்ப இடம், மூன்று பக்கமும் மரம். நல்ல முகாம் இடங்கள் பலவும் இப்படிப் பிறந்தவைதான். ஆகவே பெரிய சாலையின் ஓரத்தில் தேடாதீர்கள். அதிலிருந்து பிரியும் குட்டையான கிளைகளைத் தேடுங்கள்.

அந்தக் கிளைகளில் எவற்றில் வண்டி போகலாம், எவற்றில் போகக்கூடாது என்பதைச் சொல்வது மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எம்.வி.யு.எம். என்பார்கள். 2005இல் வனத்துறை கொண்டுவந்த ஒரு விதியின்படி உருவான வரைபடம் இது. ரேஞ்சர் அலுவலகத்தில், அதாவது வனச்சரக அலுவலகத்தில், தாளாக இலவசமாகத் தருகிறார்கள். வனத்துறையின் இணையதளத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு அழகே இருக்காது. கறுப்பு வெள்ளை, மேடு பள்ளம் காட்டும் கோடுகள் இல்லை, பொடிப் பொடி எண்கள். முதல்முறை பார்த்தவுடன் மூடி வைத்துவிடத் தோன்றும். மூடாதீர்கள். சட்டப்படி செல்லுபடியாகும் வரைபடம் இதுதான். தரையில் நன்றாகத் தேய்ந்த சாலை ஒன்று தெரியலாம், அதன் வாயிலில் தடைப் பலகை எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இந்த வரைபடத்தில் அது இல்லை என்றால் அதில் வண்டியை ஓட்டக்கூடாது.

அதை விரித்து வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது நிழல். வனத்துறை நிலம் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதற்குள் வெள்ளையாகத் தெரியும் துண்டுகள் பிறருடைய நிலம், பெரும்பாலும் தனியாருடையது. இரண்டாவது சாலை எண். எண்ணோடு ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அது கிளைச் சாலை. மூன்றாவது, சில சாலைகளின் ஓரமாக ஓடும் சிறு புள்ளிகளின் வரிசை. அந்தப் புள்ளிகள் இருக்கும் பகுதிகளில் முகாமிடுவதற்காகச் சாலையை விட்டு வண்டியைக் குறிப்பிட்ட தூரம் உள்ளே கொண்டுபோகலாம். அது பல வனங்களில் 300 அடி. புள்ளிகள் இல்லாத சாலையில், அந்த வனத்தின் விதி அனுமதித்தால், வண்டியைச் சாலையோரமாகவே நிறுத்திவிட்டு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். நான்காவது, வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அட்டவணை. எந்தச் சாலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்று அதில் இருக்கும். மலையில் மே மாதக் கடைசியிலும் பனி கிடக்கும். கேட் பூட்டியிருக்கும் சாலைக்கு மூன்று மணி நேரம் ஓட்டிப் போவதைவிட மேசையில் மூன்று நிமிடம் அட்டவணை பார்ப்பது மேல்.

வெள்ளைத் துண்டுகளைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜூலை மாத வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து கிளம்பி, லெட்வில் பக்கம் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏற்கெனவே விளக்கும் கூடாரமும் தெரிந்தன. கடைசியில் ஆள் இல்லாத ஒரு புல்வெளி கிடைத்தது. வேலியும் இல்லை, பலகையும் இல்லை. அங்கேயே கூடாரத்தைப் போட்டோம். காலை ஆறு மணிக்கு ஒரு முதியவர் நாயோடு நடந்து வந்தார். "இது என் நிலம். காலை உணவை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவே, குச்சி அகலத்தில், தெளிவான வெள்ளைத் துண்டு. லெட்வில் 1870களின் கடைசியில் வெள்ளிச் சுரங்கத்தால் பெருத்த ஊர். அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்களுக்குப் பட்டா கொடுத்த நிலங்கள், வனத்துக்கு நடுவே நீளநீளமாக இன்றும் தனியார் கையில் இருக்கின்றன. பழைய சுரங்க ஊர்கள் எல்லாவற்றையும் சுற்றி இந்த வெள்ளைச் சிதறலைப் பார்க்கலாம்.

சாலை தேர்ந்த பிறகு செயற்கைக்கோள் படத்துக்குப் போங்கள். கிளைச் சாலையை முடிவு வரை விரலால் தொடர்ந்து, வெளிறிய மண் திட்டுகளைத் தேடுங்கள். சாலை ஒரு சிறு வளையமாக முடிகிறதா, மரங்களுக்கு இடையே வண்டித் தடம் நுழைந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு உயரக்கோடுகள் கொண்ட வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு, விலகி இருந்தால் சமதளம். காயா, ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். எம்.வி.யு.எம். வரைபடத்தை அவென்சா மேப்ஸ் செயலியில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளி அதில் தெரியும். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

இப்படி ஒரே பகுதியில் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது. பிறகு அந்த வனச்சரகத்தின் அலுவலகத்துக்கு வார நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு. "இந்த எண் சாலையில் சாதாரண கார் போகுமா? இப்போது திறந்திருக்கிறதா? நெருப்புக்குத் தடை உண்டா? கரடிக்காக உணவை வைப்பதில் தனி உத்தரவு உண்டா?" இந்த நான்கு கேள்விகள் போதும். புதியவர்கள் அழைப்பதற்குத் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில் அந்த மேசையில் இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்வதை விரும்பியே செய்கிறார்கள். போன வாரம் எந்த இடத்தில் மரம் விழுந்தது என்பது வரை சொல்வார்கள்.

சாலையும் வண்டியும்

வனச் சாலைகளுக்கு வனத்துறை ஒன்று முதல் ஐந்து வரை பராமரிப்பு நிலை வைத்திருக்கிறது. மூன்றும் அதற்கு மேலும் என்றால் சாதாரண கார் போகும். இரண்டு என்றால் அடிப்பாகம் உயர்ந்த வண்டி வேண்டும். ஒன்று என்றால் மூடியது. தரையில் இதை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. சாலை எண் பலகையில் கிடைமட்டமாக எழுதியிருந்தால் பொதுவாகக் கார் போகக்கூடிய சாலை. மெல்லிய கம்பத்தில் மேலிருந்து கீழாக எழுதியிருந்தால் கரடுமுரடான சாலை. முதல் சில பயணங்களுக்கு மேலிருந்து கீழாக எழுதிய எண்ணைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பாதி தூரத்தில் எதிரே வண்டி வந்தால் பின்னோக்கியே ஓட்ட வேண்டிய சாலைகள் அவை.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். கடைசி ஊரில் டேங்க்கை நிரப்புங்கள். வழியில் மாட்டு வேலிக் கேட் வந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போக வேண்டும். மழை பெய்து சேறான சாலையில் போகாதீர்கள். வண்டி மாட்டிக்கொள்ளும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, சேற்றில் பதியும் தடம் காய்ந்து அந்தக் கோடை முழுக்க பள்ளமாக நிற்கும்.

சேரும் நேரம் முக்கியம். இருட்டுவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். வியாழக்கிழமை போக முடிந்தால் பாதிப் போட்டி இல்லை.

இடத்தைப் பார்த்தவுடன்

முன்பே யாரோ தங்கித் தங்கி மண் இறுகிப்போன இடத்தையே தேர்ந்தெடுங்கள். கல் வட்டமும் கரித்தடமும் இருக்கும். புதிய புல்லின்மேல் கூடாரம் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த உயரத்தில் வளரும் காலம் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதமே. நசுங்கிய புல் மீண்டுவர ஆண்டுகள் ஆகும்.

வண்டியிலிருந்து இறங்கியதும் சாமானை இறக்காதீர்கள். தலையை உயர்த்தி மரங்களைப் பாருங்கள். கொலராடோவின் லாட்ஜ்போல் பைன் மரங்களை 1990களின் கடைசியிலிருந்து மலைப் பைன் வண்டு என்ற சிறு பூச்சி பெருமளவில் கொன்றுவிட்டது. பட்டைக்கு அடியில் துளைத்து, மரத்தின் உணவோட்டத்தை அறுத்துவிடும். செத்த மரம் பல ஆண்டுகள் நின்றபடியே இருக்கும். ஊசியிலை ஒன்றுகூட இல்லாமல் சாம்பல் நிறத்தில் நிற்கும். பிறகு ஒரு நாள் காற்றே இல்லாத நேரத்தில்கூட விழும். அந்த மரம் விழுந்தால் எட்டும் தூரத்துக்குள் கூடாரம் இருக்கக்கூடாது. இந்த ஒரு விதியில் நான் எந்தச் சலுகையும் தருவதில்லை. தீயில் எரிந்த காட்டுப் பகுதியையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள். அங்கே மழை பெய்தால் வெள்ளமும் சேர்ந்து வரும்.

அடுத்து தண்ணீர். ஓடையின் கரையில் தூங்க ஆசையாக இருக்கும். குறைந்தது 200 அடி, அதாவது ஏறக்குறைய 70 நீள எட்டுகள் தள்ளிப் போடுங்கள். ஓடை அசுத்தமாகாமல் இருக்கவும், தண்ணீர் குடிக்க வரும் விலங்குக்கு வழி விடவும்தான் இந்த விதி. உங்கள் உயிருக்கும் அதுவே காவல். 1976 ஜூலை 31 மாலை, பிக் தாம்சன் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் சில மணி நேரத்தில் கொட்டிய மழை கீழே இரவில் வெள்ளமாக இறங்கி 140க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். தங்கள் தலைக்கு மேல் அவ்வளவு மழை பெய்யாதவர்களும் அவர்களில் உண்டு. அதற்குப் பிறகுதான் கொலராடோவின் பள்ளத்தாக்குச் சாலைகளில் "வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்" என்ற பலகைகள் வைத்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், கால்நடையாக மலையில் ஏறுங்கள் என்பது அதன் பொருள்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட அன்றாட நிகழ்ச்சி. முகட்டின்மேலோ, திறந்த வெளியில் ஒற்றை மரத்தின் அடியிலோ கூடாரம் வேண்டாம்.

நெருப்பு

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2002 ஜூன் மாதம், கொலராடோவின் பைக் (Pike) தேசிய வனத்தில், நெருப்புக்குத் தடை இருந்த காலத்தில், முகாம் இடத்தின் கல் வட்டம் ஒன்றுக்குள் வைத்த தீ ஹேமன் தீயாக வளர்ந்தது. ஏறக்குறைய 1,38,000 ஏக்கர் காடும் 133 வீடுகளும் போயின. கல் வட்டம் இருக்கிறதே என்ற நம்பிக்கை எவ்வளவு மெலிதானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

காய்ந்த காலத்தில் வனத்துறை தடைகளை நிலை நிலையாக அறிவிக்கும். முதல் நிலையில், கேம்ப்கிரவுண்டில் நிரந்தரமாகப் பதித்த நெருப்பு வளையத்தில் மட்டும் மூட்டலாம். நம்மைப் போலக் காட்டில் தங்குகிறவர்கள் விறகு நெருப்பு மூட்டக்கூடாது. இரண்டாம் நிலையில் கேம்ப்கிரவுண்டிலும் கிடையாது. திருகி அணைக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்பு பொதுவாக இரண்டு நிலையிலும் அனுமதிக்கப்படுகிறது. எனவே சமையலுக்கு விறகை நம்பவே வேண்டாம். கேஸ் அடுப்போடு போங்கள். விறகு மூட்ட அனுமதி இருந்தாலும், தரையில் விழுந்து கிடக்கும் குச்சிகளை மட்டும் எடுங்கள். வேறு ஊரிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள். மரத்தைக் கொல்லும் பூச்சிகள் அதற்குள் ஒளிந்து பயணம் செய்கின்றன.

அணைப்பது எப்படி என்று ஒரு காலையில் நான் கற்றுக்கொண்டேன். பக்கத்து இடத்தில் தங்கியவர்கள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து, கல் வட்டத்துக்கு வெளியே, ஓரடி தள்ளி, வெறும் மண்ணிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. குச்சியால் கிளறினேன். மண்ணுக்கு அடியில் ஒரு வேர், சுருட்டு எரிவது போல நுனியில் சிவந்து நகர்ந்துகொண்டிருந்தது. மூன்று வாளித் தண்ணீர் தேவைப்பட்டது. அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் சேறாகக் கிளறி, மறுபடியும் ஊற்றி, கடைசியில் வெறுங்கையால் சாம்பலைத் தொட்டுப் பார்க்கிறேன். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அது இன்னும் அணையவில்லை.

கழிப்பறை, கரடி, சோறு

குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு சிறிய கை மண்வெட்டியைக் காட்டிப் பழக்குங்கள். தண்ணீரிலிருந்தும் முகாமிலிருந்தும் பாதையிலிருந்தும் 70 எட்டுகள் தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, முடித்த பிறகு மண்ணால் மூட வேண்டும். பயன்படுத்திய தாளை ஒரு பையில் போட்டுத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள். புதைத்தால் விலங்குகள் தோண்டி எடுத்துப் பரப்பிவிடும். நம் வழக்கப்படி தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்குத் தாள் பிரச்சினையே இல்லை. ஒரு சொம்பு போதும். பாறையான இடம், கூட்டம் அதிகமான இடம் என்றால் கழிவைக் கட்டி எடுத்துவரும் பைகள் முகாம் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. இடங்கள் மூடப்படுவதற்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று மனிதக் கழிவு. கூச்சப்பட்டு இதைப் பேசாமல் விட்டால் அந்த இடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

கொலராடோவில் இருப்பது கருங்கரடி மட்டும். வயோமிங், மொன்டானா பக்கம் போனால் கிரிஸ்லி கரடியும் உண்டு. அங்கே உணவை வைப்பதற்கான விதிகள் இன்னும் கடுமையானவை. கரடிக்கு மூக்குதான் எல்லாம். சாம்பார்ப் பொடி, நெய், பிள்ளையின் பற்பசை, சூயிங்கம் என மணம் உள்ள எதுவும் கூடாரத்துக்குள் போகக்கூடாது. கரடி திறக்க முடியாத உணவு டப்பா வாங்கிக்கொள்வது நல்லது. அது இல்லாவிட்டால், அந்தப் பகுதியின் உத்தரவு அனுமதித்தால், காருக்குள் வைத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றிப் பூட்டுங்கள். சமைக்கும் இடமும் தூங்கும் இடமும் தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

சோறு பற்றி ஒரு வார்த்தை. 9,500 அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அரிசியின் நடுவில் கல் போல ஒரு புள்ளி நின்றுவிடும், பருப்பு வேகவே வேகாது. சின்ன பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள், அல்லது வீட்டிலேயே புளியோதரை கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கக்கூடாது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (ஏறக்குறைய 3.8 லிட்டர்) என்று கணக்குப் போட்டு வீட்டிலிருந்தே ஏற்றிக்கொள்வது முதல் பயணத்துக்கு எளிது.

உயரத்தையும் மதிக்க வேண்டும். தொட்டபெட்டா உச்சியே ஏறக்குறைய 8,650 அடிதான். லெட்வில் ஊர்த் தெருவே 10,000 அடிக்கு மேல். ஊரிலிருந்து வந்த பெரியவர்களை விமானத்திலிருந்து இறக்கி நேராக அங்கே கொண்டுபோகாதீர்கள். டென்வரில் இரண்டு நாட்கள் இருக்கட்டும். தலைவலியும் குமட்டலும் கூடிக்கொண்டே போனால் அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். இரவில் ஜூலையிலும் கம்பளித் தொப்பி வேண்டியிருக்கும்.

கூட்டம் பெருகிய இடங்கள்

இலவச இடங்களைப் பட்டியலிடும் செயலிகள் பல வந்துவிட்டன. ஐஓவர்லேண்டர் போன்றவற்றை நானும் பார்க்கிறேன், சாலையின் நிலை பற்றி அண்மையில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள. ஆனால் அதில் வரும் புள்ளிகளுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போகிறார்கள். அதன் விளைவு பல இடங்களில் தெரிகிறது. கொலராடோவின் க்ரெஸ்டட் பியூட் ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் முன்பு விரும்பிய இடத்தில் தங்கலாம்; இப்போது எண் போட்ட கம்பம் நட்ட இடங்களில் மட்டுமே அனுமதி. வயோமிங்கின் ஷேடோ மவுண்டனில் கூடாரத்துக்குள் இருந்தபடியே டீட்டன் சிகரங்களைப் பார்க்கலாம். கோடையில் அங்கே தங்கும் காலத்தை ஐந்து நாட்களாகக் குறைத்துவிட்டார்கள். எனவே பழைய கட்டுரைகளை நம்பாமல் அந்தந்த வனத்தின் தற்போதைய உத்தரவைப் பாருங்கள். நான் லொகேஷன் அனுப்பாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று என்னை அழைக்கும் தம்பிகளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பயணத்துக்கு எந்த மாதம் என்று கேட்டால், பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதவர்களுக்கு செப்டம்பர் மூன்றாம் வாரம் என்பேன். இடிமழை ஓய்ந்திருக்கும், கொசு போயிருக்கும், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். வேட்டைக்காலமும் அப்போது நடக்கும். ஆகவே பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேலாடையோ தொப்பியோ வாங்கிவிடுங்கள். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு வனச்சரகத்தை எடுங்கள். முதல்முறை தங்காமலே போய்விட்டு வாருங்கள்: காலையில் கிளம்பி, குறித்து வைத்த நான்கைந்து கிளைச் சாலைகளையும் ஓட்டிப் பார்த்து, ஒன்றில் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். வரைபடத்தில் நீங்கள் வட்டமிட்ட வெளிறிய திட்டு நேரில் மூன்று பக்கமும் ஆஸ்பென் சூழ்ந்த சமதளமாகக் கண்முன் விரியும்போது உங்கள் மகளோ மகனோ "அப்பா, இது நாம் கண்டுபிடித்தது" என்று சொல்வார்கள். அடுத்த வாரம் கூடாரத்தோடு போகலாம்.